புள்ளி தவறா, படம் தவறா? கார் வழிகாட்டிக் கருவி பற்றி வாசகர் கேள்விகள்

கார் வழிகாட்டிக் கருவிகளைப் பற்றி வந்த கடிதங்களைக் கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு இரவு படித்தேன். அநேகமாக எல்லாமே "ஜி.பி.எஸ். தப்பாகக் காட்டுகிறது" என்றுதான் தொடங்குகின்றன. இருபத்திரண்டு வருடங்களாகக் கார்களுக்கு ஒயரிங், ஸ்பீக்கர், நேவிகேட்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். இந்த வாக்கியத்தோடு யார் வந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்பேன்: "வண்டி நிற்கிற இடத்தைத் தப்பாகக் காட்டுகிறதா, அந்த இடத்தில் இருக்கிற சாலையைத் தப்பாகக் காட்டுகிறதா?" முதலாவது, வண்டியைக் காட்டும் புள்ளியின் கோளாறு. இரண்டாவது, வரைபடத்தின் கோளாறு. ஜி.பி.எஸ். என்பது செயற்கைக்கோள்களை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை. அந்தச் செயற்கைக்கோள் எதுவும் வரைபடத்தை அனுப்புவதே இல்லை. இப்போது மணி என்ன, தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. படம் உங்கள் கருவிக்குள் என்றைக்கோ ஏற்றி வைத்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் வைத்தியம் சுலபம்.

கேள்வி: ஐயா, மேம்பாலத்தில் ஏறிப் பாதி தூரம் போன பிறகும் என் கருவி கீழே இருக்கும் சர்வீஸ் ரோட்டில் நான் போவதாகவே நினைத்துக்கொண்டு, "இடது பக்கம் திரும்பவும்" என்கிறது. சில நாள் நேர் சாலையிலேயே பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது. வேறு வாங்கிவிடலாமா?
— வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். மேம்பால விஷயம் புதுக் கருவியிலும் வரும்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சமிக்ஞை உங்கள் கருவிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் 30 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். வானம் திறந்திருக்கும் இடத்தில் நல்ல கருவிக்கு ஐந்து மீட்டர் அளவுக்குப் பிழை வருவது இயல்பு. பிரதான சாலைக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளிகூட இல்லாத இடங்கள் நிறைய. அதனால் கருவி ஒரு வேலை செய்கிறது: கிடைத்த புள்ளியை அருகில் இருக்கும் சாலைக்கோட்டின் மேல் இழுத்து ஒட்டிவிடுகிறது. திரையில் நீங்கள் எப்போதும் சாலையின் நட்டநடுவில் ஓடுவதுபோலத் தெரிவது இதனால்தான். எந்தக் கோட்டில் ஒட்டுவது என்பதில் அது ஏமாந்தால் நீங்கள் பக்கத்துத் தெருவில் ஓடுவீர்கள்.

மேம்பாலத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. மேலே இருக்கும் சாலைக்கும் கீழே இருக்கும் சாலைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை ஒன்றுதான். உயரம் மட்டும்தான் வேறு. அந்த உயரத்தைத்தான் ஜி.பி.எஸ். சுமாராக அளக்கிறது. கருவிக்கு எட்டும் எல்லாச் செயற்கைக்கோளும் தலைக்கு மேலேயே இருக்கின்றன. காலுக்குக் கீழிருந்து எந்தச் சமிக்ஞையும் வராது என்பது அதற்குக் காரணம். ஆகவே கருவி நீங்கள் எந்தப் பக்கமாக வந்தீர்கள் என்பதை வைத்து ஊகிக்கிறது. பாலத்துக்கு முந்தைய பிரிவில் உங்கள் கண்ணையும் கைகாட்டிப் பலகையையும் நம்புங்கள். பாலம் இறங்கி இரு சாலையும் விலகியதும் அதுவே தன்னைத் திருத்திக்கொள்ளும். அதுவரை அது சொல்லும் திருப்பத்துக்காக பிரேக்கில் கால் வைக்காதீர்கள். பின்னால் வருகிறவருக்கு உங்கள் கருவியின் குழப்பம் தெரியாது.

நேர் சாலையிலும் தாவுகிறது என்றீர்களே, அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். மரமோ கட்டடமோ மறைக்காத திறந்தவெளியில் வண்டியை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் விடுங்கள். செட்டிங்ஸில் செயற்கைக்கோள் நிலையைக் காட்டும் பக்கம் இருக்கும். பல கருவிகளில் திரையின் மூலையில் உள்ள சிக்னல் படத்தைச் சில நொடி அழுத்திப் பிடித்தாலே அது திறக்கும். அதில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தசம வடிவில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே இடத்தில் கைபேசியிலும் எண்களைப் பாருங்கள். அட்சரேகையில் ஐந்தாவது தசம இலக்கம் ஒன்று கூடினால் தரையில் ஏறத்தாழ 1 மீட்டர். நான்காவது என்றால் 11 மீட்டர். மூன்றாவது என்றால் 111 மீட்டர். இரண்டு கருவிக்கும் நடுவே வித்தியாசம் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இருந்தால் உங்கள் புள்ளி நன்றாக இருக்கிறது; ஒட்டுகிற படம்தான் பழசு. நூறு மீட்டருக்கு மேல் போனால் ஆன்டெனாவையோ கருவி வைத்த இடத்தையோ சந்தேகப்படலாம்.

உயரமான கட்டடங்கள் நெருங்கிய தெருவில் மட்டும் தாவினால் அது எதிரொலிப்பின் வேலை. சமிக்ஞை சுவரில் பட்டுச் சுற்றி வருகிறது. வந்த தூரம் கூடுவதால் கருவி உங்களைத் தள்ளி வைத்துக் கணக்குப் போடுகிறது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கும் கருவிக்கு இங்கே நன்மை அதிகம். குறுகிய வானத் துண்டிலும் அதற்குப் போதுமான செயற்கைக்கோள்கள் அகப்படும். உங்கள் கருவியில் இவற்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்து அணைந்து கிடந்தால் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதம் அலமாரியில் கிடந்த கருவியை எடுத்து மாட்டினேன். இருபது நிமிடம் "செயற்கைக்கோளைத் தேடுகிறது" என்றே நின்றது. ஆன்டெனா செத்துவிட்டதா?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்

பதில்: எந்தச் செயற்கைக்கோள் எப்போது எங்கே இருக்கும் என்ற பொதுப் பஞ்சாங்கம் ஒன்றைக் கருவி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு அல்மனாக் என்று பெயர். ஆறு மாதத்தில் அது பழசாகிவிடும். புதிதாக முழுவதும் வாங்க 12.5 நிமிடம் ஆகும். செயற்கைக்கோள் அதை அவ்வளவு மெதுவாகத்தான் ஒப்பிக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதை விவரம் தனியாக 30 நொடிக்கு ஒருமுறை வரும். நடுவில் ஒரு பாலத்தடியில் நுழைந்து ஒரு வரி விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே ஓட்டிக்கொண்டே தேட வைக்காதீர்கள். திறந்தவெளியில் நிறுத்தி, சார்ஜரில் போட்டு, கால் மணி நேரம் விடுங்கள். மறுநாள் அது ஒரு நிமிடத்துக்குள் பிடித்தால் ஆன்டெனா நலம். மறுநாளும் அதே இருபது நிமிடம் என்றால் உள்ளே நினைவகத்துக்கு உயிர் கொடுக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கலாம். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: அண்ணே, ஒரு வருடம் பிரமாதமாக வேலை செய்த கருவி திடீரென்று அடிக்கடி சிக்னலை இழக்கிறது. கருவியில் எதையும் மாற்றவில்லை.
— கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, கருவியில் மாற்றவில்லை, காரில் என்ன மாற்றினீர்கள்?

என்னிடம் ஒருவர் இதே புகாரோடு மூன்று முறை வந்தார். முதல் முறை வெளி ஆன்டெனா மாட்டினேன். இரண்டாவது முறை ஒயரை மாற்றினேன். மூன்றாவது முறை வேறு வழி தெரியாமல், வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, சிக்னல் பட்டைகளைப் பார்த்தபடியே மின்சாரத்தில் இருந்த ஒவ்வொன்றையும் பிடுங்கினேன். சிகரெட் லைட்டர் துளையில் இருந்த சார்ஜரை எடுத்தேன், மாற்றமில்லை. முன்கண்ணாடியில் இருந்த கேமராவின் ஒயரை உருவியதும் பட்டைகள் சரசரவென்று ஏறின. நாலு மாதத்துக்கு முன் மாட்டிய கேமரா அது. அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கிறேன்.

இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் சமிக்ஞை தரைக்கு வரும்போது, கருவியின் சொந்த மின் இரைச்சலைவிடவும் மெலிந்துபோயிருக்கும். 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் அந்தக் கிசுகிசுப்புக்குப் பக்கத்தில், உறை சரியாக இல்லாத கேமராவோ மலிவான சார்ஜரோ இரைந்தால் ஒன்றும் காதில் விழாது. கேமராவைக் கருவியிடமிருந்து கண்ணாடியின் மறுகோடிக்குத் தள்ளி வையுங்கள். ஒயர்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டாதீர்கள்.

இன்னொரு காரணம் கண்ணாடி. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுக் கொடுத்த முன்கண்ணாடி அல்லது உலோகம் கலந்த ஃபிலிம் ரேடியோ அலையையும் தடுக்கும். அப்படிப்பட்ட கண்ணாடிகளில் நடுக்கண்ணாடிக்குப் பின்னால் புள்ளி புள்ளியாகக் கறுப்பாகத் தெரியும் ஒரு பகுதியைப் பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள். ஆன்டெனாவை அங்கே ஒட்டினால் போதும்.

கேள்வி: பழைய கருவி. இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் தேதி மட்டும் பத்தொன்பது வருடத்துக்கு மேல் பின்னால் இருக்கிறது. கையால் திருத்தினாலும் மறுபடி மாறிவிடுகிறது.
— புத்தகக் கடை நடத்துபவர்

பதில்: கிழமை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தப்பாகவும் கிழமை சரியாகவும் இருந்தால் நோய் இன்னதென்று உறுதி.

ஜி.பி.எஸ். காலத்தை வாரக் கணக்கில் எண்ணுகிறது. 1980 ஜனவரி 6-இல் பூஜ்யத்தில் தொடங்கிய எண்ணிக்கை அது. அந்த எண்ணுக்குப் பழைய சமிக்ஞையில் பத்து பிட் இடம்தான், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய பத்துக் கட்டம்தான் ஒதுக்கினார்கள். அதில் 1,023 வரைதான் எண்ண முடியும். 1,024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். சைக்கிளின் மீட்டர் சுற்றி வருவது போல. 1999 ஆகஸ்டில் ஒருமுறை சுற்றியது, 2019 ஏப்ரலில் மறுமுறை சுற்றியது, அடுத்தது 2038 நவம்பரில். 1,024 வாரம் என்பது பத்தொன்பது வருடமும் ஏழரை மாதமும். முழு வாரங்கள்தானே பின்னால் போகின்றன, அதனால் கிழமை பிசகாது. கருவியின் மென்பொருள் எந்த வாரத்திலிருந்து எண்ணும்படி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து இது வேறு ஏதாவது ஒரு நாளிலும் வரும்.

தயாரிப்பாளரின் மென்பொருள் அப்டேட் இருந்தால் அதுதான் மருந்து. இல்லையென்றால் தேதியைப் பொருட்படுத்தாமல் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் திறக்கும் சாலைகளை மட்டும் அதை நம்பிக் கடக்காதீர்கள். ஏழரை மாதம் தள்ளிய தேதியால் பகல்-இரவுத் திரையும் நேரம் தவறி மாறும்.

கேள்வி: அப்டேட் செய்தேன், வெற்றி என்றும் வந்தது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் திறந்த புறவழிச்சாலையில் போனால் இன்னும் வெற்று நிலத்தில் ஓடுவதாகத்தான் காட்டுகிறது. எங்கே தவறு செய்தேன்?
— பள்ளி ஆசிரியை

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குவேன். காரணம் இருக்கிறது.

ஒரு மழை இரவில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். மருத்துவமனைக்கு நான்தான் ஓட்டினேன். பழக்கமில்லாத பகுதி. கருவி காட்டிய குறுக்கு வழியில் போனேன். புள்ளி மீட்டர் பிசகாமல் கூடவே வந்தது. முடிவில் ஒரு கால்வாய்க் கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. படத்தில் பாலம் இருந்தது. கண்ணெதிரே அதை இடித்துவிட்டுத் தடுப்பு வைத்திருந்தார்கள். திரும்பிச் சுற்றிப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் கூடுதலாக ஆனது. அப்பா பிழைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் படம் ஏற்றிக் கொடுக்கும் நான் என் வண்டிக் கருவியை நான்கு வருடம் தொடாமல் விட்டிருந்தேன். அதன் பிறகு அப்படி விட்டதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று இடத்தில் பாருங்கள்.

செட்டிங்ஸில் வரைபடப் பட்டியலைத் திறங்கள். புதிய படம் ஏறிய பிறகும் பழைய படம் அழியாமல் கிடந்து, அதன் எதிரில் டிக் குறி இருக்கலாம். இரண்டு படம் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் எது மேலே வரும் என்பது கருவியின் இஷ்டம். பழையதன் குறியை எடுத்துவிட்டு, அணைத்துப் போடுங்கள். என்னிடம் வரும் "அப்டேட் ஆகியும் ஆகவில்லை" கருவிகளில் நான் முதலில் கை வைப்பது இங்கேதான்.

அடுத்தது, ஏறியது எது? அப்டேட் என்று ஒரே பெயரில் இரண்டு வருகின்றன. ஒன்று கருவியை இயக்கும் மென்பொருள், மற்றொன்று வரைபடம். மென்பொருள் மட்டும் ஏறினாலும் "வெற்றி" என்றுதான் வரும். வரைபடத்தின் பதிப்பு எண்ணைத் தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, படத்தின் வயது. பதிப்பில் இந்த வருடம் என்று இருந்தாலும் அதற்கான தகவல் அதற்குச் சில மாதங்கள் முன்பே திரட்டி முடிக்கப்பட்டது. இரண்டு வருடச் சாலை அதில் இல்லையென்றால் வரைபடம் தயாரிப்பவருக்கே தகவல் போகவில்லை என்று அர்த்தம். பிழையைத் தெரிவிக்க அவர்கள் தளத்தில் பக்கம் வைத்திருப்பார்கள். சாலை எங்கே தொடங்குகிறது, எங்கே சேர்கிறது என்ற எண்களோடு எழுதுங்கள். 2004-இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் பொதுமக்களே வரைந்து சேர்க்கலாம். இணையமின்றி இயங்கும் பல கைபேசி வழிகாட்டிகள் அந்தப் படத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் சேர்க்கும் ஒரு கோடு யாரோ ஒருவரைக் கால்வாய்க் கரையில் நிற்காமல் காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

மறுபடி அப்டேட் செய்வதானால் சில விஷயங்கள். வீடு, பிடித்த இடங்கள் என்று சேமித்தவற்றைக் கணினியில் நகல் எடுத்து வையுங்கள். கேபிளைக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். கிளைப்பெட்டி (யு.எஸ்.பி. ஹப்) வழியாக வேண்டாம். மடிக்கணினி தூங்கிப்போகாதபடி அமைத்துவிடுங்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் கருவி திறக்காமலே போகலாம். உள்ளே இடம் போதவில்லையென்றால் நீங்கள் போகாத பகுதிகளை விட்டுவிட்டு ஏற்றுங்கள், அல்லது மெமரி கார்டு போடுங்கள். பழைய கருவிகள் பலவும் 32 ஜி.பி. வரையிலான, ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்த கார்டைத்தான் படிக்கும். காருடனே வந்த கருவியில் இருக்கும் வரைபடக் கார்டை மட்டும் எக்காரணத்துக்கும் ஃபார்மட் செய்யாதீர்கள். அது அந்தக் கருவிக்கென்றே பூட்டப்பட்டிருக்கும். அழித்தால் நகலிலிருந்து மீட்க முடியாது.

கேள்வி: காருடனே வந்த கருவி. டயர் மாற்றியதிலிருந்து சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்ததும் அம்பு கொஞ்ச தூரம் முன்னாலேயே ஓடுகிறது. சம்பந்தம் உண்டா?
— சரக்கு நிறுவனத்தில் பணிபுரிபவர்

பதில்: நேரடிச் சம்பந்தம் உண்டு. சுரங்கத்துக்குள் சமிக்ஞை கிடையாது. அங்கே உங்கள் கருவி சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதை வைத்து ஊகிக்கிறது. புது டயர் பழையதைவிட 2 சதவீதம் சிறியதாக இருந்தால், அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகமாகச் சுற்றும். ஒரு கிலோமீட்டருக்கு 20 மீட்டர் கூடுதலாகப் போனதாகக் கணக்காகும். மெனுவில் சென்சார் சீரமைப்பு என்றோ அதுபோன்றோ ஒரு வரி இருக்கும். அதை ரீசெட் செய்துவிட்டு, திறந்த வானத்தின் கீழ் நேர் சாலையில் ஒரு அரை மணி நேரம் ஓட்டுங்கள். நடுவில் சில திருப்பங்களும் இருக்கட்டும். புதிய டயரின் சுற்றளவை அது தானே கற்றுக்கொள்ளும்.

கேள்வி: ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கருவி 95 காட்டுகிறது. எது உண்மை?
— வாசகர்

பதில்: ஒரே சீரான வேகத்தில் நேர் சாலையில் ஓடும்போது கருவியின் எண்தான் உண்மைக்கு அருகில். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்று ஐ.நா.வின் வாகன விதி 39 சொல்வதால், தயாரிப்பாளர்கள் அதைச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி வைப்பார்கள். பிரேக் போடும்போதும் வளைவிலும் சுரங்கத்திலும் கருவி பின்தங்கும். அப்போது மீட்டரைப் பாருங்கள்.

கேள்வி: உறவினர் தன் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அனுப்பினார். அப்படியே பதிந்தேன். கருவி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டது. எண்ணை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.
— புதுமணத் தம்பதியர்

பதில்: எண் சரி, எழுதிய முறை வேறு. ஒரு பாகையில் 60 கலை. அவர் 10 பாகை 30 கலை என்று அனுப்பியிருப்பார், நீங்கள் 10.30 என்று பதிந்திருப்பீர்கள். தசமத்தில் அது 10.50 என்று வர வேண்டும். 0.20 பாகை வித்தியாசம் அட்சரேகையில் 22 கிலோமீட்டர். கருவியின் செட்டிங்ஸில் எண் வடிவத்தை "பாகை, கலை" என்று மாற்றிவிட்டு அவர் அனுப்பியதை அப்படியே பதியுங்கள். கிளம்பும் முன் படத்தைப் பெரிதாக்கி, புள்ளி விழுந்த இடத்தின் தெருப்பெயரை அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.